பழைய ராலே சைக்கிளின் பின் ஹப்: பிரித்துக் கழுவுவதா, ஏலத்தில் எடுப்பதா, புதிது போடுவதா?

போன அக்டோபரில் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கொட்டகையைக் காலி செய்தபோது ஒரு பச்சை ராலே ஸ்போர்ட்ஸ் சைக்கிளை எனக்குக் கொடுத்தார். பின் ஹப்பில், அதாவது பின் சக்கரத்தின் நடுவில் கியர்கள் அடங்கிய உருளையில், படிந்திருந்த அழுக்கைத் துணியால் துடைத்ததும் எழுத்துகள் தெரிந்தன: ஸ்டர்மி-ஆர்ச்சர், ஏ.டபிள்யூ., அதை ஒட்டி 68, 4. அதாவது 1968 ஏப்ரலில் செய்த மூன்று கியர் ஹப். நான் குடியிருப்பது நாட்டிங்ஹாமில். ராலே தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் நிற்கிறது. அங்கே என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பிறந்த ஊரை விட்டு ஐம்பது வருடத்துக்கு மேலாக நகராத ஒரு ஹப் என் கைக்கு வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியர் சரி, மூன்றாவதும் சரி. முதல் கியரில் மேடு ஏறும்போதுதான் கோளாறு. அழுத்தி மிதித்தால் பெடல் ‘டக்’ என்று கால் சுற்று வெறுமனே போய், அப்புறம் பிடிக்கும். சில சமயம் பிடிக்காமலே சுற்றும்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஹப்பைப் பிரித்துக் கழுவிப் பார்ப்பது ஒன்று. ஈபேயில் இதே போன்ற பழைய ஹப் ஒன்றை ஏலத்தில் எடுப்பது இன்னொன்று. புது ஹப் வாங்கிப் போடுவது மூன்றாவது. விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எது லாபம் என்பது தெரியவே தெரியாது. ஒவ்வொரு வழியும் கூடவே வேறு என்னென்ன செலவை இழுத்துக்கொண்டு வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புதிதிலிருந்தே தொடங்குகிறேன், அதை முடிவு செய்வது சுலபம் என்பதால். ஸ்டர்மி-ஆர்ச்சர் பெயர் 2000-இல் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. அவர்கள் இன்றும் மூன்று கியர் ஹப் செய்கிறார்கள், நல்ல ஹப். பழைய ஏ.டபிள்யூ.வில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எதிலும் பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. கேபிள் தளர்ந்திருக்கும்போது எழுந்து நின்று மிதித்தால் கால் நேராகக் கீழே போகும், ஆள் ஹேண்டில்பாரில் மோதுவார். புதிய ஹப்களில் அந்த வெற்றிடத்தை நீக்கிவிட்டார்கள். உயிருக்குப் பயன்படும் மாற்றம் இது.

ஆனால் ஓட்டைக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. பழைய ஆங்கிலேய வழக்கப்படி என் சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. கடையில் கிடைக்கும் புது ஹப் பெரும்பாலும் 36 ஓட்டை. ஹப்பை மாற்றினால் ரிம்மும் மாற வேண்டும், கம்பி முழுக்கப் புதிதாக வேண்டும், சக்கரம் பின்னிக் கோட்டம் எடுக்க ஒருவரிடம் கூலி கொடுக்க வேண்டும். ஹப்பின் விலை இந்த மொத்தத்தில் ஒரு பங்குதான்.

அப்படியானால் புதிது வேண்டவே வேண்டாமா என்றால், ஓர் இடத்தில் நிச்சயம் வேண்டும். ரிம் ஏற்கெனவே துருப்பிடித்து உரிந்துவிட்டது, தினமும் மழையில் வேலைக்குப் போக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் புதிதுக்கே போகலாம். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். எப்படியும் அலுமினிய ரிம்முக்கு மாறப்போகிறோம் என்றால் அதோடு 36 ஓட்டைப் புது ஹப்பும் சேர்ந்து வரட்டும். என் ரிம் நன்றாக இருந்தது. அதனால் இந்த வழியை ஓரமாக வைத்தேன்.

இனி பிரித்துப் பார்ப்பது. இதற்கு முன்னால் செய்ய வேண்டிய இரண்டு காரியங்களை நிறையப் பேர் செய்வதில்லை. ஒன்று கேபிள் அளவு. கியர் விசையை இரண்டில் வைத்து, வலது பக்க நட்டின் சாளரம் வழியே பார்க்க வேண்டும். உள்ளே போகும் குட்டிச் சங்கிலியின் கம்பி அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே போயிருந்தால் கேபிள் தளர்வு, வெளியே துருத்தினால் இறுக்கம். ‘கியர் போய்விட்டது’ என்று ஏலத்துக்கு வரும் ஹப்களில் எத்தனையோ கேபிளின் திருகை அரைச் சுற்றுத் திருப்பினால் சரியாகிவிடக்கூடியவை. இரண்டாவது எண்ணெய். ஹப்பின் மேலேயே சிறு மூடி போட்ட துளை இருக்கிறது. அதில் ஒரு தேக்கரண்டி மெல்லிய மோட்டார் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம்.

இரண்டையும் செய்தேன். கொஞ்சம் குணம் தெரிந்தது, முழுக்கச் சரியாகவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் பிரித்துவிட்டேன்.

ஏ.டபிள்யூ.வைப் பிரிப்பது பார்க்கிற அளவுக்குப் பயமில்லை. முதலில் பல்சக்கரப் பக்கத்தில் உள்ள பெரிய வளையத்தில் ஒரு கோடும், நேர் எதிரே ஹப்பின் உடம்பில் ஒரு கோடும் போட வேண்டும். அந்த வளையத்தின் மரை இரட்டைத் தொடக்கம் கொண்டது. பழைய இடத்திலேயே திரும்பப் பூட்டாவிட்டால் சக்கரத்தின் கோட்டம் மாறிவிடலாம். இடப் பக்கத்துக் கோனை (பால்ரஸ்கள் ஓடும் கூம்பு வடிவ நட்டை) கழற்றி, வளையத்தின் பள்ளத்தில் உளி போன்ற ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். ஏழெட்டு அடிக்கு அசையவில்லை. அப்புறம் ஒரு முனகலோடு விட்டுக்கொடுத்தது. உள்பாகம் முழுவதும் ஒரே கட்டாக வலப் பக்கம் வழியே கையோடு வந்தது.

உள்ளே இருந்ததை எண்ணெய் என்று சொல்ல முடியாது. தேன் பாகு மாதிரி பழுப்பு நிறத்தில், கருப்பட்டி தீய்ந்த வாசனையோடு ஒரு பிசின். யாரோ பல வருடங்களாக வீட்டு எண்ணெயை விட்டிருக்கிறார்கள், அது காய்ந்து கோந்தாகிவிட்டது. சிறு பல்சக்கரங்கள் சுற்றும் கூட்டின் இடது ஓரத்தில் இரண்டு நாக்குகள் உண்டு. முதல் கியரில் ஹப்பைப் பிடித்து இழுப்பவை அவைதான். முடி போன்ற மெல்லிய ஸ்பிரிங் அவற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் நுனியால் ஒன்றை அமுக்கினேன். உள்ளே போனது, திரும்ப எழவில்லை. இன்னொன்று ரொம்ப யோசித்து எழுந்தது. உள்பாகத்தின் வலப் பக்கத்துப் பல்வளையத்தில் உள்ள இரண்டு நாக்குகளும் சுறுசுறுப்பாக இருந்தன. இரண்டாவதையும் மூன்றாவதையும் இழுப்பவை அவை. அந்தக் கியர்கள் ஏன் நன்றாக இருந்தன என்பதும் அதோடு விளங்கிவிட்டது.

மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். எங்கள் ஊரில் சித்தப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு முறை எல்லா வண்டியையும் ஓவராயில் செய்வார். தகர டப்பா மண்ணெண்ணெயில் பால்ரஸ்களைப் போட்டுக் குலுக்கும் சத்தம் பள்ளிக்கூட விடுமுறை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். ‘கோனைப் பாரு, பால்ரஸ்ஸைப் பார்க்காதே’ என்பார். பால்ரஸ் சில்லறைக் காசு, எப்படியும் மாற்றப்போகிறோம். கோனில் பால்ரஸ் ஓடிய தடம் மெருகாக இருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்பதுதான் ஹப்பின் ஆயுளைச் சொல்லும். நான் பார்த்தேன். இரண்டு கோனும் கண்ணாடி போல இருந்தன.

கால் அங்குல பால்ரஸ் கூடுகள் இரண்டையும் புதிதாகப் போட்டேன். முதலில் தட்டிக் கழற்றிய பெரிய வளையத்துக்குள் மூடித் தகட்டுக்கு அடியில் இருக்கும் 24 சிறு பால்ரஸ்களும் நன்றாகச் சுழன்றதால் அவற்றைத் தொடவில்லை. வலது கோனை விரலால் இறுக்கி அரைச் சுற்று பின்னால் விட வேண்டும். மிச்ச சரிசெய்தல் எல்லாம் இடது கோனில்தான். ரிம்மைப் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டம் இருக்க வேண்டும், இந்த ஹப்புக்கு அதுதான் சரியான பூட்டு. மொத்தச் செலவு ஐந்து பவுண்டுக்குள். முதல் கியர் அன்று மாலையே மேட்டில் பிடித்தது.

இவ்வளவும் படித்துவிட்டு ‘அப்படியானால் ஏலம் எதற்கு’ என்று கேட்கலாம். பிரித்த பிறகுதான் ஏலத்தின் உண்மையான பயன் தெரியும். கோனில் குழி, ஸ்பிரிங் முறிவு, அச்சின் மரை தேய்ந்தது, சிறு பல்சக்கரத்தில் பல் போனது – இப்படி என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு ஏலம் தங்கச் சுரங்கம். இந்த ஹப் 1936-இல் அறிமுகமானது. பல பத்தாண்டுகள் கடந்தும் உள்ளே பெரிதாக மாறவில்லை. 1955-இன் கோன் 1975-இன் ஹப்பில் உட்காரும். ‘உதிரிக்காக’ என்று போட்டு, துருப்பிடித்த ரிம்மோடு யாரும் சீந்தாமல் கிடக்கும் ஒரு சக்கரத்தை எடுத்தால் அச்சு, கோன், நாக்குகள், ஸ்பிரிங், பல்சக்கரம் எல்லாம் ஒரே விலையில் வந்துவிடுகின்றன. தனித்தனியே வாங்கினால் அதன் விலை எங்கேயோ போய் நிற்கும்.

பிரிக்காமலே ஏலத்துக்குப் போகிறவர் ஒரு தெரியாத ஹப்புக்குப் பதில் இன்னொரு தெரியாத ஹப்பை வாங்குகிறார். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. இதற்கு முன் வைத்திருந்த சைக்கிளுக்கு ‘மூன்று கியர் ஹப், நன்றாக வேலை செய்கிறது’ என்ற ஒரு பொருளை எடுத்தேன். ஐந்து புகைப்படங்கள். ஒன்றில்கூட முத்திரை தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. வந்து சேர்ந்ததைத் துடைத்தால் எஸ்.டபிள்யூ. என்று இருந்தது. 1950-களின் நடுவில் ஏ.டபிள்யூ.வுக்குப் பதிலாக வந்து, நழுவுகிறது என்று பெயர் கெட்டுப்போன வகை அது. உள்பாகங்கள் ஏ.டபிள்யூ.வோடு பொருந்தவும் பொருந்தாது. விற்றவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவர் மூன்று கியர் என்றுதான் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து முத்திரை தெரியாத ஹப்புக்குக் கேள்வி அனுப்பாமல் விலை கேட்பதில்லை. டி.சி.டபிள்யூ. என்று இருந்தால் கடந்து போய்விடுவேன். பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகை அது. அதில் பிரேக்கின் விசையும் கியர் வழியாகவே போகிறது. கியர் சரியாக உட்காராத நேரத்தில் பிரேக்கும் கிடைக்காமல் போகலாம்.

ஏலம் எடுக்கும் முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈபேயில் நாம் போடும் தொகை நம் உச்ச வரம்பு. அடுத்தவருடைய உச்சத்தை விட ஒரு படி மேலே மட்டும் நம் சார்பில் அதுவே ஏற்றிக்கொண்டு போகும். ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும், கடைசியில் யாராவது கேட்டார்கள் என்று நேரம் நீளாது. ஆகவே நான்கு நாள் முன்னாலேயே விலை போட்டு, இன்னொருவர் மிஞ்ச, நாம் மிஞ்ச என்று விளையாடுவது விற்பவருக்கு மட்டுமே நல்லது. நான் முதலில் ‘விற்று முடிந்தவை’ பட்டியலைப் பார்ப்பேன். கேட்கிற விலை ஆசை, விற்ற விலைதான் சந்தை. அதிலிருந்து தபால் செலவைக் கழித்து என் வரம்பைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, கடைசிச் சில நொடிகளில் ஒரே ஒரு தடவை போடுவேன். போனால் போகட்டும், லட்சக்கணக்கில் செய்த பொருள், அடுத்த வாரம் இன்னொன்று வரும்.

தபால் செலவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரும்பு ஹப் கனமானது, முழுச் சக்கரம் பெட்டிக்குள் அடங்காதது. ‘நேரில் வந்து எடுக்கவும்’ என்று போட்டிருக்கும் பொருளுக்குப் போட்டி குறைவு, ஏனென்றால் தூரத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். நம் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று வந்தால் அதைவிட நல்ல பேரம் கிடையாது. நேரில் போனால் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம், அச்சைப் பிடித்துத் திருப்பிக் கோன் கரகரக்கிறதா என்று உணரலாம். எழுத்துப் பிழையோடு தேடுவதும் பலன் தரும். ‘ஸ்டர்மி’ என்ற பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு எழுதியவர்களின் பொருள் மற்றவர் கண்ணில் படாமல் கிடக்கும்.

இந்தக் கணக்கு ஹப்போடு நிற்பதில்லை. சைக்கிளின் மற்ற பாகங்களுக்கும் மூன்று வழிகளும் உண்டு, ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் முடிவு வேறு. உரசித் தேய்வதற்கென்றே இருக்கும் பாகத்தைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமே இல்லை. செயின், பிரேக் கட்டை, கேபிள், டயர் எல்லாம் புதிதுதான். செயினுக்கு ஒரு சாதாரண ஸ்கேல் போதும். புது செயினில் 12 அங்குலத்துக்குள் 24 பின் இடைவெளி சரியாக அடங்கும். அது 12 அங்குலத்தைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பல்சக்கரத்தையும் அது தின்றிருக்கும்.

டயர் வாங்கும்போது அங்குலக் கணக்கை நம்ப வேண்டாம். டயர் ரிம்மில் உட்காரும் விட்டத்தைப் பார்க்க வேண்டும். என் சைக்கிளின் 26 × 1⅜ என்பது 590 மில்லிமீட்டர். ராலேயின் இன்னொரு வகையான 26 × 1¼ என்பது 597. ஏழு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ஒன்று இன்னொன்றில் ஏறாது. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 × 1½ என்பது 635. அது இந்தியாவில் இன்றும் சாதாரணமாகக் கிடைக்கிற அளவு.

நேர் எதிராக, பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. கப்புக்கு ஏலம்தான் கதி. ராலே தன் சைக்கிள்களில் அங்குலத்துக்கு 26 மரை போட்டது, மற்றவர்கள் 24. கடையில் கிடைக்கும் சாதாரணக் கப்பை இதில் திருகினால் இரண்டு சுற்றில் இறுகும். பலம் போட்டால் பிரேமின் மரையே போய்விடும், அதற்கப்புறம் பழைய கப்பும் உட்காராது. அதனால் என் கப்புகளைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை பிரித்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்துப் பூட்டுகிறேன். ஏலத்தில் நல்ல ஜோடி ஒன்று வந்தபோது தேவை இல்லாமலே எடுத்து வைத்துவிட்டேன். அந்தப் பணத்துக்கு எனக்கு வருத்தம் கிடையாது. பெடல் கையை அச்சோடு பூட்டும் காட்டர் பின் மட்டும் எப்போதும் புதிது. 9.5 மில்லிமீட்டரா என்று அளந்து வாங்க வேண்டும், 9 மில்லிமீட்டர் பின்னும் சந்தையில் இருக்கிறது.

தோல் சீட்டும் பழையதாக வாங்கலாம். ப்ரூக்ஸ் 1866 முதல் இருக்கும் பெயர், நல்ல தோலுக்கு ஆயுள் அதிகம். குமிழ் ஆணிகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, மூக்குப் பக்கத்துத் திருகில் இறுக்க இன்னும் இடம் இருக்கிறதா என்று இரண்டு படம் கேட்டு வாங்கினால் போதும். மட்கார்டு, கேரியர், பிரேக் லீவர், கியர் விசை ஆகியவற்றின் தேய்மானம் படத்திலேயே தெரிந்துவிடும், தைரியமாக எடுக்கலாம்.

சக்கரம் சுற்றும்போது விளக்குக்கு மின்சாரம் தரும் டைனோஹப்பை எடுக்கும்போது மட்டும் ஒரு கேள்வி கட்டாயம்: யாராவது உள்ளே பிரித்தார்களா? ஜி.எச்.6 வகையில் காந்தத்தையும் சுருளையும் பிரித்து, இடையில் இரும்பு வளையம் வைக்காமல் விட்டால் காந்தம் வலுவிழந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, இரவில் விளக்கு மட்டும் மங்கலாக எரியும்.

அலுமினிய ஹேண்டில்பார், அதைப் பிடிக்கும் ஸ்டெம், முன் போர்க் ஆகியவற்றை மட்டும் நான் பழையதாக வாங்க மாட்டேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். விழுந்து எழுந்த சைக்கிளின் அலுமினியத்தில் விரிசல் உள்ளுக்குள் இருக்கும், புகைப்படத்தில் வராது. முறியும்போது சொல்லிவிட்டு முறியாது. இதில் மிச்சம் பிடிக்கும் பத்துப் பவுண்டு எனக்கு வேண்டாம்.

தமிழ்நாட்டில் பழைய ராலே வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இங்கிருந்து ஹப் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். முழு ஹப்பை அனுப்பினால் கனத்துக்குத் தபால் செலவு, மேலே சுங்க வரி. பிரித்துப் பார்த்து எந்த நாக்கு, எந்தக் கோன் என்று படம் அனுப்புங்கள் என்று சொல்லிவிடுவேன். ஸ்பிரிங்கும் நாக்கும் குட்டிச் சங்கிலியும் ஒரு சாதாரணத் தபால் உறைக்குள் அடங்கிவிடும். பிரிப்பதற்குச் சென்னையில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். பழைய சைக்கிள் கடைப் பெரியவர்களுக்குக் கோன் பூட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன மாதம் லெஸ்டரில் இருக்கும் நண்பர் ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். அவருடைய ஹப்பும் ஏ.டபிள்யூ.தான், ஆனால் ஈரக் கொட்டகையில் பத்து வருடம் கிடந்து ரிம்மில் ஓட்டை விழுந்துவிட்டது. கோனிலும் குழி. வாரம் ஒரு நாள் பூங்காவில் ஓட்டுகிறவர், மழையில் எடுக்க மாட்டார். நான் பிரித்துக் கழுவச் சொல்லவில்லை, புதிதும் வேண்டாம் என்றேன். அவர் வீட்டிலிருந்து நாலு மைலில் ‘நேரில் வந்து எடுக்கவும்’ என்று ஒரு முழு ராலே சைக்கிள் ஏலத்தில் இருந்தது. பிரேம் வளைந்தது, சக்கரங்கள் இரண்டும் நேராக இருந்தன. 26 பவுண்டுக்கு முடிந்தது. பின் சக்கரத்தை அப்படியே மாற்றிப் போட்டார். எண்ணெய்த் துளையில் ஒரு தேக்கரண்டி விட்டுவிட்டு ஓட்டத் தொடங்கினார். பழைய ஹப்பைத் தூக்கிப் போடவில்லை. நாக்குகள் நான்கும் நன்றாக இருந்ததால் அதை எனக்குக் கொடுத்துவிட்டார்.